நான்கு கோபுரமும் ஒரு தலைப்பாகையும்

மதுரைக் கோயிலின் கீழக் கோபுரத்துக்கு எதிரே, நடுத்தெருவில் நின்று, என் அப்பா சட்டையைக் கழற்றினார்.

கோடை விடுமுறைக் காலம். காலை வெயிலுக்கே கல் சுட்டது. பூக்கடைகளில் தெளித்த தண்ணீரின் ஈரத்தோடு மரிக்கொழுந்து வாசனை வந்துகொண்டிருந்தது. அப்பா சட்டையை உதறி மடித்து என் கையில் தந்தார். பிறகு தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தலையைச் சுற்றி இறுக்கி, தலைப்பாகை கட்டினார். கோணலில்லாமல் கட்டுவார். இரண்டு விரலால் ஒரு தரம் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். அவ்வளவுதான்.

எங்களைக் கடந்து போன மதுரைக்காரர்கள் எல்லோரும் சட்டையோடு கோயிலுக்குள் போனார்கள். தலையில் துணி கட்டியிருந்தவர்கள் வாசலிலேயே அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள். அப்பா எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்துவிட்டு, வெற்று மார்பும் வெள்ளைத் தலைப்பாகையுமாக நிமிர்ந்து நின்றார்.

ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் குதிரையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

பார்க்கட்டும் என்று நினைத்தேன். வாழைக்குலை சுமந்து சுமந்து அகன்ற மார்பு அப்பாவுக்கு. அந்தத் தெருவில் அவரைப் போல நேராக நின்றவர் வேறு யாருமில்லை.

“போலாமா மக்கா?” என்றார்.

சட்டை அவர்களுக்கு, தலைப்பாகை நமக்கு

அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்பது நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு உடனே விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் சுசீந்திரத்துக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில். சுசீந்திரம் கோயிலுக்குள் போகிற ஆண் எவரும் மேல்சட்டையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பெரிய உத்தியோகஸ்தர் வந்தாலும் அதே சட்டம்தான். அப்பா வாழைக்குலை வியாபாரம் செய்பவர். திருவிழாக் காலத்தில் அந்தக் கோயிலுக்கும் குலை கொடுப்பார். வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார், உள்ளே போனதில்லை. ஆனால் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, கோயில் என்றால் சட்டை ஆகாது என்பது அவர் மனத்தில் பதிந்திருந்தது. தேசத்தில் எல்லாக் கோயிலிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். பள்ளித் தோழிகளோடு உள்ளே போய்வந்திருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாங்கள் அய்யாவழிக்காரர்கள். எங்கள் ஊரில் நாங்கள் கும்பிடும் தாங்கலில் சிலை கிடையாது. உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும். அதன் முன்னால் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் நிற்க வேண்டும். தலையைத் திறந்துபோட்டு நிற்பது எங்களுக்கு மரியாதைக் குறைவு.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் முன்னோர் தலையில் துணி வைக்க வேண்டுமானால் அதன் மேல் சுமையும் இருக்க வேண்டும் என்றிருந்த காலம் ஒன்று இருந்தது. சும்மாடு கட்டலாம், தலைப்பாகை கட்டக் கூடாது. அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் அப்பா துண்டை எடுத்துச் சுற்றும்போதெல்லாம் அதை ஒழித்த பெருமை அவர் கை விரல்களில் தெரியும்.

ஆக, கோயில்காரர்களுடைய வழக்கத்துக்குச் சட்டையைக் கழற்றினார். எங்கள் வழக்கத்துக்குத் தலைப்பாகையைக் கட்டினார். இரண்டு பக்கமும் மரியாதை செய்துவிட்டதாக அவருக்கு ஒரே திருப்தி.

மாமா சொன்ன பேச்சு

மதுரைக்கு நாங்கள் போனது ஊர் பார்க்க. ஆனால் ஊர் பார்க்க மட்டும் இல்லை.

எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். பள்ளி இறுதிப் பரீட்சையில் தேறியபோது எங்கள் தெருவே வீட்டு முற்றத்தில் வந்து நின்றது. அதன் பிறகு மதுரையில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் எனக்கு இடம் தருவதாகப் பதிலும் வந்தது. அப்பா ‘சரி’ என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவர் சொல்லவில்லை.

சொல்ல விடாமல் செய்தவர் தங்கசாமி மாமா, அம்மாவின் அண்ணன். கெட்டவர் இல்லை. எனக்கு முதல் சிலேட்டு வாங்கித் தந்தவரே அவர்தான். ஆனால் மதுரை என்றதும் பயந்துவிட்டார். எல்லைச் சவுக்கைக்கு அப்பால் நமக்கு யார் இருக்கிறார்கள், வழி தெரியாமல் நின்றால் பிள்ளை யாரைக் கேட்கும் என்று அம்மாவிடம் தினமும் வந்து சொல்லுவார். அம்மா அழுதுகொண்டே மீன் கழுவுவாள்.

ஒரு நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாமா என் காதில் விழும்படியாகவே அந்தப் பேச்சைச் சொன்னார்.

“படிச்சிட்டு வந்தபொறவு பாரும் வே. சந்தையில நீரு எதிர வருவீரு. கூட்டாளிமாரு ‘அது யாருட்டி’ன்னு கேப்பாளுவ. ‘யாரோ ஒரு குலைக்காரன்’னு சொல்லிட்டுப் போயிருவா.”

நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். அப்படிச் சொல்கிற நாக்கு என் வாயில் இல்லை என்று சொல்ல வந்தேன். அம்மா ‘ஏட்டி, உள்ள போ’ என்று விரட்டிவிட்டாள்.

அப்பா கை கழுவினார். “ஊரை ஒருக்கா பாத்துட்டு வாறோம்” என்றார் மாமாவிடம். “நானும் பிள்ளையும்.”

திரும்பி வரும்போது அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதில்தான் என் ஆயுசு இருந்தது.

சவுக்கைக்கு அப்பால்

ஆரல்வாய்மொழியில் அப்போது சுங்கச் சவுக்கை இருந்தது. அங்கேதான் எங்கள் ராஜ்யம் முடியும். பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். எங்கள் மூட்டையில் அம்மா வாழையிலையில் கட்டித் தந்த புளிச்சோறும் இரண்டு மாற்றுடையும்தான். கணவாயின் காற்று என் தாவணியைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. சேவகர் ஒருவர் மலையாளத்தில் ஏதோ கேட்டார். நான் பதில் சொன்னேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சவுக்கை தாண்டியதும் பலகைகளெல்லாம் தமிழாக இருந்தன. தபாலாபீசு, பள்ளிக்கூடம், ஸ்டேஷன், எல்லாம் தமிழ். எங்கள் பக்கத்துச் சர்க்கார் கச்சேரிகளில் அப்படிக் கிடையாது. நான் ஒன்றையும் விடாமல் வாசித்தேன். சோடாக் கம்பெனி, சுருட்டுக் கடை, மாட்டுச் சந்தை எல்லாவற்றையும். திருநெல்வேலியில் ரயில் ஏறிய பிறகும் வாசித்தேன். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ போட்டார். பக்கத்தில் இருந்த ஒரு வளையல் வியாபாரி, ‘குழந்தைக்குத் தொண்டை வறளப்போகிறது’ என்று தண்ணீர்ச் செம்பை நீட்டினார். குடித்துவிட்டு மறுபடியும் வாசித்தேன்.

இந்த ஆண்டு எங்கள் தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேருகின்றன. எங்கள் ஊரிலும் இனி அந்தப் பலகைகள் வரும். அன்று ரயிலில் அதையெல்லாம் நான் நினைக்கவில்லை. எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் இருக்க முடியாத வயது. அப்பா கேட்கிறார் என்றால் கேட்க வேண்டுமா?

மதுரையில் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே சத்திரம். போன அன்றே மகாலைப் பார்த்தோம். அது கோர்ட்டுக் கச்சேரியாக இருந்ததாலும் கச்சேரிக்குக் கோடை விடுமுறை என்பதாலும் கூட்டமில்லை. அந்தத் தூண் ஒன்றை நானும் அப்பாவும் இரண்டு பக்கமும் நின்று கட்டிப் பிடித்தோம். எங்கள் கைகள் தொடவில்லை. ‘நம்ம ஊரு ஆலமரம் தோத்துது’ என்று அப்பா சிரித்தார். குளிர்ந்த சுண்ணாம்புச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

பயிற்சிப் பள்ளியைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, ‘வேண்டாம்’ என்று வந்துவிட்டால்?

மறுநாள் காலை கோயில்.

வாசலில்

சட்டையில்லாத மார்பும் தலைப்பாகையுமாக அப்பா முன்னே நடக்க, சட்டையும் மூட்டையுமாக நான் பின்னே நடந்தேன். கோபுர வாசலில் காவல்காரர் தடியைக் குறுக்கே நீட்டினார். வயதானவர். குரலில் கோபமில்லை. சட்டையைப் போட்டுக்கொள்ளலாம் என்றும், தலையிலுள்ளதை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. இரண்டாம் தரம் சொன்னதும் புரிந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் கூட்டம் நெருக்கியது. யாரோ ‘முண்டாசை அவுருய்யா’ என்று சொல்ல, யாரோ சிரித்தார்கள்.

அப்பா என்னைப் பார்த்தார். ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்க்க வேண்டும் என்று ஊரிலிருந்து நான் சொல்லிக்கொண்டு வந்தது அவருக்குத் தெரியும். மெல்லக் கையைத் தூக்கித் துண்டின் முனையைத் தொட்டார். எனக்காக.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அவுக்காண்டாம்ப்பா.”

பிறகு காவல்காரரிடம் சொன்னேன். எங்கள் சாமியின் முன்னால் தலையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் எங்கள் மரியாதை, இவர் அவமரியாதையாகக் கட்டவில்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வழக்கத்தைக் கேட்டதில்லை, இருந்தாலும் இங்கே இதுதான் முறை என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அது அவர்கள் வீடு. தலை எங்களுடையது.

“அப்ப நாங்க உள்ள வரல்லே” என்றேன்.

சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

வெளியே வந்து எதிரே ஒரு மண்டபத்தின் நிழலில் நின்றோம்; அதன் பெயர் புதுமண்டபம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அப்பா சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை, நானும் நீட்டவில்லை. கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒருத்தராவது பாக்கணும்லா’ என்றார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவருக்குச் சொல்ல வேண்டுமாம். தான் இங்கேயே உட்கார்ந்திருப்பாராம்.

அதுவரை நான் எந்த ஊரிலும் எந்த இடத்துக்கும் தனியாகப் போனவள் இல்லை. சரி என்றேன்.

எல்லாமே பெரிய கோபுரம்

உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் நாற்றமும் தாழம்பூ மணமும் கலந்த இருட்டு. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தூண் தூணாகத் தெரிய ஆரம்பித்தது. ஆயிரங்கால் மண்டபத்தில் எந்த மூலையில் நின்றாலும் தூண்கள் வரிசை பிடித்து ஓடின. அப்பாவுக்குச் சொல்ல வேண்டுமே என்று ஒவ்வொன்றாக உருப்போட்டேன். குறவன், குறத்தி, யாளி, யாளி வாயில் உருளும் கல்.

ஒரு பெரியவர் கல்தூணைத் தட்டி, அதில் இசை வரும் என்று தம் வீட்டாருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் சுசீந்திரத்துத் தூணும் பாடும் என்று அவரிடம் சொன்னேன். யாரும் கேட்கவில்லைதான். ஆனால் சொல்லாமல் வர முடியுமா?

பொற்றாமரைக் குளத்தின் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். தண்ணீரில் கோபுரத்தின் நிழல் ஆடியது. நிமிர்ந்து பார்த்தால், அதோ கோபுரம். அதைப் பார்த்து நடந்தேன்; வாசல் வந்தது; வெளியே வந்தேன்.

புதுமண்டபம் இல்லை. பூக்கடைகள் இல்லை. அப்பா இல்லை.

இந்தத் தப்பை எங்கள் ஊர்க்காரர்கள்தான் செய்வார்கள். சுசீந்திரத்தில் ஒரு பெரிய கோபுரம்தான். உள்ளே எப்படிச் சுற்றினாலும் கோபுரத்தைப் பார்த்து நடந்தால் போன வாசலுக்கே வந்துவிடலாம். ஒரு கோயிலுக்கு நான்கு பக்கமும் அதே மாதிரி கோபுரம் வைத்திருப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

குங்குமக் கடைக்காரரிடம் வழி கேட்டேன். எந்த வாசலில் போனாய் என்று கேட்டார். பெரிய கோபுர வாசல் என்றேன். அவர் சிரித்துவிட்டார். எல்லாமே பெரிய கோபுரம்தானம்மா என்றார்.

தங்கசாமி மாமாவின் குரல் காதில் கேட்டது. வழி தெரியாமல் நின்றால் யாரைக் கேட்கும் பிள்ளை? அழுகை வந்தது. ஆனால் நடுத்தெருவில் அழுதால் மாமா சொன்னது சரி என்றாகிவிடும். விழுங்கிக்கொண்டேன்.

நிமிர்ந்து, சத்தமாகக் கேட்டேன்.

“எங்கப்பாவப் பாத்தியளா? சட்டை போட்டிருக்க மாட்டாவ. வெள்ளத் தலைப்பாக கட்டியிருப்பாவ.”

கடைக்காரருக்குத் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் தையல் மிஷினில் இருந்தவர் காலை நிறுத்தினார். சட்டையில்லாமல் முண்டாசு கட்டிய ஆளா என்று கேட்டார். அந்த வழியாக வரும்போது பார்த்தாராம். முண்டாசு இல்லை, தலைப்பாகை என்று திருத்தினேன். ‘அது எங்கப்பா’ என்றேன். அவர் கையை நீட்டித் தெருவின் மூலையைக் காட்டினார்.

மூலையில் ஒரு ஜட்கா வண்டிக்காரரிடம் கேட்டேன். அவருக்கும் தெரிந்திருந்தது. ‘காவல்காரரோட பேசின பொண்ணு நீதானா?’ என்று கேட்டார். நான்தான் என்றேன். அடுத்த திருப்பத்தில் எலுமிச்சம்பழம் விற்ற கிழவர் நான் வாயைத் திறக்கும் முன்பே கையைக் காட்டிவிட்டார். மதுரையில் ஒரு காலைப்பொழுதுக்குள் என் அப்பாவைத் தெரியாதவர் யாருமில்லை. அவரைப் போல இன்னொருவர் அந்த ஊரில் இல்லாததால் வந்த புகழ் அது. கேட்டுக் கேட்டு நடந்தேன். ஒவ்வொரு தரமும் ‘எங்கப்பா’ என்று சொல்லும்போது கொஞ்சம் தைரியம் கூடியது.

கடைசியில் ஒரு பூக்காரப் பெண் என் தோளைப் பிடித்து அழைத்துப் போனாள்.

அப்பா விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் நேரம் போனது தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. தலைப்பாகை அப்படியே இருக்க, அதன் கீழே நெற்றி முழுவதும் வேர்த்திருந்தது.

“ஏத்தா, இதுதானே ஒங்கப்பா?” என்றாள் பூக்காரி. அவரைப் பார்த்து, “நல்ல மகளைப் பெத்தீக. சட்டை போடாத எங்கப்பா, தலைப்பாக கட்டின எங்கப்பான்னு தெருத்தெருவா ஏலம் போட்டுக்கிட்டு வருது” என்றாள்.

அப்பா எழுந்து நின்றார். அவள் சொன்னதை இன்னொரு தரம் கேட்க விரும்புகிறவர் போல அவளையே பார்த்தார். ஆனால் அவளுக்கு வியாபாரம். போய்விட்டாள்.

என்னிடமிருந்து சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார். பொத்தான் மாட்டவே வெகுநேரம் ஆயிற்று. தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

“அந்தப் பள்ளிக்கூடம் எங்கன இருக்குன்னு கேட்டியா?”

அப்பாவின் கேள்வி

பயிற்சிப் பள்ளிக்கு விடுமுறை. வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன. வேப்பம்பூ உதிர்ந்து முற்றமெல்லாம் வெள்ளையாக இருந்தது. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் மட்டும் இருந்தார். தடித்த கண்ணாடி, கையில் சாவிக்கொத்து. என் பெயரைச் சொன்னதும், பதில் எழுதி வெகுநாள் ஆயிற்றே, இடத்தை இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம் என்று இருந்தோம் என்றார். அப்பா வேகமாக ‘கொடுத்துவிட வேண்டாம்’ என்று தலையை ஆட்டினார்.

அம்மாள் எங்களுக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். படுக்கும் கூடம், கிணறு, பெண்கள் மாலையில் பந்தாடும் இடம். வாசலில் காவல் உண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்க வரலாம் என்று விதிமுறைகளைச் சொன்னார். அப்பா எதையும் கேட்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மகாலைப் பார்த்தது போலவே பார்த்துக்கொண்டு வந்தார். அடுக்களைக்கு வந்ததும் நின்றார். அம்மிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

“கறிக்குத் தேங்கா அரைப்பியளாம்மா?”

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். இத்தனை பெண்களுக்குத் தேங்காய் அரைத்துக் கட்டுபடியாகுமா, பொட்டுக்கடலைதான் என்றார்.

அப்பாவின் முகத்தில் அப்போதுதான் உண்மையான கவலையைப் பார்த்தேன். சவுக்கை, ரயில், காவல்காரரின் தடி, என்னைக் காணாமல் காத்திருந்த நேரம் எதுவும் அவரை அப்படிக் கலக்கியதாகத் தெரியவில்லை. தேங்காய் இல்லாத குழம்பு! நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவரால் அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. கொஞ்ச நேரம் அம்மியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாசத்துக்கு ஒரு சாக்கு நான் கொண்டாந்து தாறேன்” என்றார். “எல்லாப் பிள்ளையளுக்கும் சேத்து அரையுங்கோ.”

என் அப்பா எனக்குத் தந்த சம்மதம் அதுதான். இதைத் தவிர வேறு வார்த்தையில் அவர் இன்றுவரை சொன்னதில்லை.

சொன்னபடி கொண்டுவந்தார். பஸ்ஸிலும் ரயிலிலும் அந்தச் சாக்கைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, மாதம் தவறாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதி வாசலில் வந்து நிற்பார். கூடப் படித்த பெண்கள் மாடியிலிருந்து ‘ஒங்கப்பா வந்தாச்சு’ என்று கத்துவார்கள். நான் படி இறங்கி ஓடுவேன்.

அந்த விடுதியில் என்னோடு படித்த அத்தனை பெண்களும் இன்று ஆசிரியைகள். ராமநாதபுரத்திலும் திண்டுக்கல்லிலும் சிவகங்கையிலும் பாடம் நடத்துகிறார்கள். எல்லோரும் எங்கள் ஊர்த் தேங்காய் தின்று படித்தவர்கள்.